ஆயிரம் ரூபாய் எத்தனை நாள் வேலையை நிறுத்தும்?

நடவு நேரத்தில் மேலூர்ப் பக்கம் போனால் இந்தப் பேச்சு காதில் விழாமல் திரும்ப முடியாது. "ரேஷன் அரிசி சும்மா கிடைக்குது, மாசம் ஆயிரம் பேங்க்ல விழுது, நூறு நாள் வேலைக்குப் போய் மரத்தடியில உக்காந்தா கூலி. அப்புறம் எவ வயலுக்கு வருவா?" டீக்கடையில் ஒருவர் இதைச் சொன்னால் நாலு பேர் தலையாட்டுகிறார்கள். மதுரை நகருக்குள் வந்தால் அதே புகார் வேறு கடையில் நிற்கிறது: ஜவுளிக்கடைக்கு ஆள் இல்லை, ஓட்டலுக்கு ஆள் இல்லை, சித்தாள் கிடைக்கவில்லை.

இந்த ஒரு வாக்கியத்துக்குள் மூன்று வெவ்வேறு திட்டங்கள் இருக்கின்றன. ஒருவர் எத்தனை நாள், எத்தனை மணி நேரம் உழைக்கிறார் என்பதை இவை மூன்றும் மூன்று விதமாகத் தொடுகின்றன. சேர்த்துப் பேசினால் புகாரில் எது உண்மை, எது எரிச்சல் என்று பிரிக்க முடியாது.

அடிப்படைக்கு இரண்டு சொற்கள்

பொருளாதாரப் பாடத்தில் உதவித்தொகைக்கும் உழைப்புக்கும் உள்ள தொடர்பை இரண்டாகப் பிரிப்பார்கள்.

1. வருமான விளைவு. உழைக்காமலே கையில் கொஞ்சம் பணம் வருகிறது. அந்த அளவுக்குக் குறைவாக உழைத்தாலும் வீட்டுச் செலவு நடக்கும். அதனால் சிலர் வேலையைக் குறைக்கலாம்.

2. பதிலீட்டு விளைவு. கூடுதலாக ஒரு மணி நேரம் உழைத்தால் கையில் எவ்வளவு நிற்கும் என்பது மாறுகிறது. சம்பளம் ஏற ஏற உதவித்தொகையைப் பிடித்துக்கொள்ளும் திட்டம் என்றால், அந்த ஒரு மணி நேரத்தின் உண்மையான கூலி குறைகிறது. "இதுக்கு எதுக்கு மாரடிக்கணும்" என்ற கேள்வி அங்கேதான் பிறக்கிறது.

முதலாவதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். கலைஞர் மகளிர் உரிமைத் தொகை 2023 செப்டம்பர் 15 அன்று மாதம் 1000 ரூபாய் என்று தொடங்கியது. தமிழ்நாட்டுக்கு 2025-26இல் அறிவிக்கப்பட்ட நூறு நாள் வேலையின் ஒருநாள் கூலி 336 ரூபாய். ஆக ஆயிரம் ரூபாய் என்பது மூன்று நாள் கூலி. அரிசியையும் சேர்ப்போம். 20 கிலோ, வெளியில் கிலோ 40 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 800 ரூபாய். இரண்டும் சேர்ந்து 1800. ஐந்து நாள் கூலியைக் கொஞ்சம் தாண்டும்.

வந்த பணம் ஒரு பைசா மிச்சமில்லாமல் ஓய்வாக மாறினாலும், மாதத்தில் ஐந்தாறு நாளுக்கு மேல் வேலை குறைய வழியில்லை. நடப்பில் அப்படி மாறுவதும் இல்லை. பள்ளிக்கூடச் செலவு, மருந்து, சுயஉதவிக் குழுத் தவணை, கேஸ் சிலிண்டர் என்று அந்த ஆயிரத்துக்கு வரிசை காத்திருக்கிறது. அரிசியோ புதுசே இல்லை. 2008 முதல் கிலோ ஒரு ரூபாய், 2011 ஜூன் முதல் இலவசம். இவ்வளவு காலமாக இருக்கும் அரிசி, நேற்று தொடங்கிய ஆள் பற்றாக்குறைக்குக் காரணமாக இருக்க முடியாது.

குறைகிற மூன்று நாள், எந்த மூன்று நாள்?

இத்தனைக்கும் வயல்காரரின் புகார் பொய் என்று நான் சொல்ல வரவில்லை. அவர் கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறார். பார்த்ததற்குக் காரணம்தான் வேறு.

ஒரு பெண் மாதத்தில் இருபது நாள் வேலைக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். அதில் பத்து நாள் சித்தாள் வேலை, ஐந்து நாள் பூ எடுப்பு, ஐந்து நாள் களையெடுப்பு. கையில் ஆயிரம் ரூபாய் வந்ததும் மூன்று நாளை விடலாம் என்று முடிவெடுத்தால் எதை விடுவார்? கூலி குறைவாக இருப்பதை, இடுப்பொடிவதை, கூலியை இன்று நாளை என்று இழுக்கிறவர் வீட்டு வேலையை. மொத்த உழைப்பில் குறைந்தது மூன்று நாள்தான். ஆனால் அந்த மூன்று நாளும் ஒரே ஆளின் களையெடுப்பிலிருந்து போகிறது. கொத்தனாருக்கு ஒன்றும் தெரியாது. வயல்காரருக்கு ஊரே சோம்பேறியாகிவிட்டதாகத் தெரியும்.

இன்னொரு சங்கதியும் உண்டு. கிராமத்தில் கூலி வேலை வெறும் கூலிக்காக மட்டும் நடந்ததில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று முந்நூறு ரூபாய் கைமாற்று வாங்கியிருப்பார்கள். அதற்காக, அவர் கூப்பிட்ட அன்று போயே ஆக வேண்டும், அவர் சொன்ன கூலிக்குத்தான் போக வேண்டும். மாதம் பிறந்தால் வருகிற ஒரு சின்னத் தொகை இந்தக் கட்டை அறுக்கிறது. ஓய்வை அதிகம் தருவதைவிட "இன்னைக்கு வரலண்ணே" என்று சொல்லும் தெம்பைத்தான் அது தருகிறது. வேலை நேரக் கணக்கில் இது சிறிய மாற்றம், கூலி பேசும் இடத்தில் பெரிய மாற்றம். டீக்கடையில் இவ்வளவு சூடாக இது பேசப்படுவதற்கு இரண்டாவதுதான் காரணம் என்பது என் கணிப்பு.

சரிவும் விளிம்பும்

இப்போது பதிலீட்டு விளைவு. இதை விளக்க மின்கட்டணத்தைவிட நல்ல உதாரணம் தமிழ்நாட்டில் இல்லை. இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் வரை ஒரு கணக்கு. 501 ஆகிவிட்டால் அந்த ஒரு யூனிட்டோடு போவதில்லை, கீழ்ப்படிகளில் இருந்த சலுகைக் கட்டணமும் போய் பில் எகிறும். ரீடிங் எடுக்க வரும் நாளை எண்ணிக்கொண்டு ஏசியை அணைக்கிற வீடுகள் எத்தனை! மக்கள் விளிம்பைக் கண்டால் நிற்பார்கள் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

உதவித்தொகைகளிலும் இந்த இரண்டு வடிவங்கள் உண்டு.

1. சரிவு. சம்பளம் ஏற ஏற உதவி கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். பிரிட்டனில் குறைந்த வருமானக்காரர்களுக்குத் தரும் யுனிவர்சல் கிரெடிட் இப்படிப்பட்டது. குறிப்பிட்ட அளவுக்கு மேல் கையில் வரும் ஒவ்வொரு பவுண்டுக்கும் 55 பென்ஸ் உதவி குறையும். கூடுதலாகப் பத்துப் பவுண்டு சம்பாதித்தால் நிற்பது நாலரைதான். 2021 இறுதி வரை 63 பென்ஸ் பிடித்தார்கள்.

2. விளிம்பு. ஒரு எல்லை வரை முழு உதவி, தாண்டினால் பூஜ்யம். அதே பிரிட்டனில் நோயாளியை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்வோருக்குத் தரும் பராமரிப்பாளர் உதவித்தொகை இந்த வகை. 2025-26இல் வாரத்துக்கு 196 பவுண்டு வரை சம்பாதிக்க முடிந்தது. ஒரு பவுண்டு தாண்டினாலும் அந்த வார உதவி முழுதும் போய்விடும். அங்கே பலர் கடை வேலை நேரத்தை எண்ணி எண்ணிப் பார்ப்பதில் சோம்பல் எதுவும் இல்லை, கூட்டல் கழித்தல்தான்.

உதவித்தொகை வேலை நேரத்தைக் குறைக்குமா என்று மேலை நாடுகளில் நடக்கும் வாக்குவாதம் பெரும்பாலும் இந்தச் சரிவையும் விளிம்பையும் பற்றியது. அந்த வாதத்தை அப்படியே தூக்கிவந்து உசிலம்பட்டியில் வைத்தால் பொருந்தாது. காரணம், இங்கே தகுதியை அளக்கும் கோலே வேறு.

உரிமைத் தொகைக்கு வைத்த நிபந்தனைகளைப் பாருங்கள். குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள், நஞ்சை ஐந்து ஏக்கருக்குள் அல்லது புஞ்சை பத்து ஏக்கருக்குள், ஆண்டு மின்நுகர்வு 3600 யூனிட்டுக்குள், கார் இருக்கக் கூடாது. வருமானத்தைத் தவிர மற்ற எதுவும், ஒரு பெண் இந்த வாரம் இரண்டு நாள் அதிகமாக வேலைக்குப் போவதால் மாறாது. வருமானமோ, தினக்கூலிக் குடும்பத்தைப் பொறுத்தவரை யாரும் மாதாமாதம் அளக்காத ஒன்று. ஆக கூடுதல் ஒருநாள் கூலி 400 ரூபாய் என்றால் 400 ரூபாயும் கையில் நிற்கிறது. ரேஷன் அரிசியிலும் அப்படித்தான். பதிலீட்டு விளைவு இங்கே கிட்டத்தட்டப் பூஜ்யம். இதைத் திட்டம் போட்டுச் செய்தார்களா, அளக்க வழியில்லாமல் இப்படி அமைந்ததா என்பது வேறு கதை.

இங்கேயும் விளிம்பு உண்டு

ஆனால் சம்பளச் சீட்டு உள்ள வேலைக்கு வந்துவிட்டால் நிலைமை மாறுகிறது. மதுரையில் மில், ரப்பர் கம்பெனி, தனியார் மருத்துவமனை, பெரிய ஜவுளிக்கடை என்று வேலை பார்ப்போருக்குத் தெரிந்த எண் ஒன்று இருக்கிறது: 21,000.

தொழிலாளர்களுக்கான அரசு காப்பீடான இஎஸ்ஐ திட்டத்தில் மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்கள் வருவார்கள். 2017 ஜனவரியில் வைத்த வரம்பு இது. தொழிலாளி கட்டுவது 0.75 சதவீதம், முதலாளி கட்டுவது 3.25 சதவீதம். 21,000 வாங்குகிறவருக்குப் பிடிப்பது 158 ரூபாய். பதிலுக்குத் தத்தனேரி இஎஸ்ஐ மருத்துவமனையில் குடும்பத்துக்கே சிகிச்சை, பெரிய நோய் என்றால் மேல்சிகிச்சைக்குப் பரிந்துரை, உடம்பு முடியாமல் விடுப்பில் இருந்தால் ஆண்டுக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம், பேறுகாலத்தில் 26 வாரச் சம்பளம்.

இப்போது 500 ரூபாய் இன்கிரிமென்ட் வந்து சம்பளம் 21,500 ஆகிறது. நடக்கும் கட்டணக் காலம் முடியும் வரை, அதாவது செப்டம்பர் கடைசி அல்லது மார்ச் கடைசி வரை பிடித்தம் தொடரும். அந்தக் கட்டணத்துக்கு உரிய பலன் காலமும் முடிந்துவிட்டால் பாதுகாப்பு கிடையாது. ஐந்நூறு ஏறியதால், வீட்டில் டயாலிசிஸ் நோயாளி இருக்கும் குடும்பம் மாதம் எத்தனை ஆயிரம் இழக்கும் என்று கணக்குப் பார்த்தால், "இன்கிரிமென்ட் வேண்டாம் சார்" என்று சொல்கிறவர் பைத்தியக்காரர் இல்லை என்று புரியும்.

இதில் நம் தலைப்புக்கு நேராக வரும் நுணுக்கம் ஒன்று உண்டு. ஓவர்டைம் (ஓடி) பணம் இந்த 21,000 வரம்புக்குக் கணக்கில் வராது. அடிப்படைச் சம்பளம் 20,500, ஓடி 3,000 என்று வாங்கினாலும் திட்டத்தில் நீடிக்கலாம். தொழிற்சாலையில் ஓடிக்கு இரட்டைக் கூலி வேறு. ஆக இந்த விளிம்பு கூடுதல் நேரம் உழைப்பதைத் தண்டிக்கவில்லை. சம்பள உயர்வைத்தான் தண்டிக்கிறது. மணிக்கணக்கைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் கவனிக்காமல் விடும் இடம் இது.

இரண்டாவது விளிம்பு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீடு. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் ஆண்டுக்கு ஐந்து லட்சம் வரை சிகிச்சை. 2022க்கு முன் வரம்பு 72,000 ஆக இருந்தது. 1,20,000 என்பது மாதம் பத்தாயிரம். கணவர் மாதம் 9,000 வாங்குகிறார், மனைவி கார்மென்ட்ஸில் 7,000 சம்பளத்துக்குச் சேர்ந்தால் ஆண்டுக்கு 1,92,000. சட்டப்படி பார்த்தால் குடும்பம் வெளியே.

நடைமுறையில் என்ன ஆகும்? அந்தப் பெண் வேலைக்குப் போகாமல் இருந்துவிடுவது அபூர்வம். சம்பளத்தைப் பேங்கில் போடாமல் கையில் தரச் சொல்வார். வருமானச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் பதியும்போது கணவரின் கூலியை மட்டும் எழுதுவார். உழைப்பு குறையவில்லை, காகிதத்திலிருந்து மறைந்துவிட்டது. அதோடு அவருக்கு வர வேண்டிய பிஎஃப், இஎஸ்ஐ இரண்டும் மறைந்துவிட்டன. நம் ஊரில் விளிம்புகள் செய்யும் பெரிய சேதம் வேலை நேரத்தில் இல்லை, வேலையின் தரத்தில் இருக்கிறது.

நூறு நாள் வேலை தனிக் கணக்கு

இதை உதவித்தொகை என்று சொல்வதே சரியில்லை, வேலை செய்தால்தான் கூலி. ஆனால் புகாரில் கொஞ்சமாவது பிடிமானம் இருப்பது இங்கேதான். காலையில் ஒரு போட்டோ, பிற்பகலில் ஒரு போட்டோ என்று செயலியில் வருகைப்பதிவு நடக்கிறது. கண்மாய்க்கரையில் நிற்கிறவர் அதே நேரத்தில் வயலில் நிற்க முடியாது. உண்மையாகவே ஒன்றுக்கொன்று போட்டி.

எவ்வளவு போட்டி என்பதுதான் கேள்வி. பெயர்தான் நூறு நாள், ஒரு குடும்பத்துக்குக் கிடைத்த நாட்களின் தேசியச் சராசரி ஐம்பதை ஒட்டியே இருந்து வந்திருக்கிறது. 336 ரூபாயும் அளவு வேலை முடித்தால்தான். பணம் சொன்ன நாளில் வருவதும் இல்லை. 2025 தொடக்கத்தில் தமிழ்நாட்டில் மாதக்கணக்கில் கூலி நிலுவையாகி அரசியல் சண்டையே நடந்தது. வருகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள், அதிலும் வயதானவர்கள் நிறைய. ஐம்பத்தெட்டு வயதில் முதுகு வளையாதவரை நடவுக்கு வரவில்லை என்று குறைப்பட்டு என்ன பயன்? அவருடைய மகள் எங்கே என்று கேட்டால் பதில் கிடைக்கும்: திருப்பூரில், அல்லது ஒத்தக்கடைப் பக்கம் ஏதோ ஒரு கல்லூரியில்.

இந்தத் திட்டம் தனியார் கூலியை என்ன செய்தது என்று பொருளாதார ஆய்வாளர்கள் கிளெமென்ட் இம்பெர்ட், ஜான் பாப் இருவரும் ஆராய்ந்து 2015இல் வெளியிட்டார்கள். திட்டம் முதலில் வந்த மாவட்டங்களில், வேலை இல்லாத வறண்ட காலத்தில் தனியார் கூலி ஏறத்தாழ 5 சதவீதம் ஏறியிருந்தது, தனியார் வேலை நாட்கள் கொஞ்சம் குறைந்திருந்தன. சரி, புகார் உண்மைதானே என்று இத்தோடு முடித்துவிடலாம். ஆனால் கார்த்திக் முரளிதரனும் உடன் ஆய்வாளர்களும் அன்றைய ஆந்திராவில் எட்டு மாவட்டங்களில் செய்த பெரிய ஆய்வு வேறொன்றைக் காட்டியது. ஸ்மார்ட் கார்டு மூலம் கூலி ஒழுங்காகப் போய்ச் சேர்ந்த மண்டலங்களில் தனியார் கூலியும் ஏறியது, தனியார் வேலையும் கூடியது. குடும்பங்களுக்கு வந்த கூடுதல் வருமானத்தில் பெரும்பகுதி திட்டத்திலிருந்து வரவே இல்லை, ஏறிய தனியார் கூலியிலிருந்து வந்தது.

கூலி ஏறினால் வேலை குறையத்தானே வேண்டும்? ஊரில் கூலி கொடுக்கிறவர் நாலே பேர், நாலு பேரும் பேசி வைத்த ஒரே ரேட் என்றால் அப்படி ஆகாது. ரேட் குறைவாக இருந்ததால் வராமல் இருந்தவர்கள், ஏறியதும் வருவார்கள். நகைமுரண்தான், ஆனால் கூலிச் சந்தை பல ஊர்களில் இப்படித்தான் இருக்கிறது.

உழைப்பைக் கூட்டும் சலுகைகள்

இலவசம் என்றாலே வேலையைக் குறைக்கும் என்று எடுத்துக்கொள்வதில் இன்னொரு ஓட்டை. சில சலுகைகள் வேலைக்குப் போனால் மட்டுமே பயன்படும்.

2021 மே மாதம் தொடங்கிய பெண்களுக்கான கட்டணமில்லாப் பேருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். அலங்காநல்லூரிலிருந்து மதுரைக்கு வீட்டுவேலைக்கு வருகிறவருக்குப் போக வர நாற்பது ரூபாய் செலவு என்று வைத்துக்கொண்டால், 400 ரூபாய் கூலியில் அது பத்தில் ஒரு பங்கு. அந்தச் செலவு இல்லாமல் போவது, வேலைக்குப் போகும் ஒவ்வொரு நாளுக்கும் பத்து சதவீதக் கூலி உயர்வு போன்றது. வீட்டில் இருந்தால் அந்த நாற்பது ரூபாய் கிடையாது. பதிலீட்டு விளைவு இங்கே தலைகீழாக வேலை செய்கிறது.

காலை உணவுத் திட்டம் தொடங்கியதே மதுரையில்தான். 2022 செப்டம்பர் 15, கீழ அண்ணாத்தோப்பு ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப் பள்ளி. பிள்ளைகளின் பசிக்கான திட்டம் என்றுதான் இதைப் பேசுகிறோம். ஆறரை மணிக்குச் சித்தாள் வேலைக்கு நிற்க வேண்டிய அம்மாவுக்கு இது ஒரு மணி நேரத்தை மிச்சப்படுத்துகிறது என்பதையும் சேர்த்துப் பேச வேண்டும்.

யாரை எண்ணுகிறோம்?

தென்னாப்பிரிக்காவில் நடந்த ஒரு சர்ச்சை இந்த விஷயத்தில் பாடமாகச் சொல்லத் தக்கது. அங்கே முதியோர் ஓய்வூதியம் கொஞ்சம் பெரிய தொகை. 2003இல் வந்த ஒரு ஆய்வு, பாட்டிக்கு ஓய்வூதியம் வரும் வீடுகளில் நடுத்தர வயதினர் குறைவாக உழைக்கிறார்கள் என்று கண்டது. பாட்டி காசில் பேரன் படுத்துத் தூங்குகிறான் என்ற கதைக்கு ஆதாரம் கிடைத்துவிட்டதாகத் தோன்றியது. 2009இல் வேறு ஆய்வாளர்கள் ஊரைவிட்டுப் போனவர்களையும் சேர்த்து எண்ணினார்கள். பென்ஷன் வந்ததும் பேரப்பிள்ளைகளைப் பாட்டி பார்த்துக்கொள்ள, கைச்செலவுக்கும் பணம் இருக்க, உழைக்கத் தெம்புள்ளவர்கள் வெளியூருக்கு வேலை தேடிப் போயிருந்தார்கள். வீட்டில் இருந்தவர்களை மட்டும் எண்ணியதால் முதல் ஆய்வில் அது தெரியவில்லை. பேரையூரில் உட்கார்ந்து ஆள் எண்ணினாலும் இதே பிழை வரும்.

அபிஜித் பானர்ஜியும் மூன்று ஆய்வாளர்களும் இந்தோனேசியா, மெக்சிகோ உட்பட ஆறு நாடுகளின் ஏழு ரொக்க உதவித் திட்டங்களை அலசி 2017இல் வெளியிட்டதிலும், உதவியால் வேலை குறைந்தது என்பதற்குச் சீரான ஆதாரம் கிடைக்கவில்லை.

மணி நேரம் யார் கையில்?

மொத்த வாதமும், எத்தனை மணி நேரம் உழைப்பது என்பதைத் தொழிலாளியே தீர்மானிக்கிறார் என்ற எண்ணத்தின் மேல் நிற்கிறது. மல்லிகைத் தோட்டத்தில் அதிகாலையில் நின்று பார்த்தால் இது ஆட்டம் கண்டுவிடும். இருட்டிலேயே இடுப்பில் பையைக் கட்டிக்கொண்டு எடுக்கத் தொடங்குவார்கள். மொட்டு விரிவதற்குள் எடுத்து மாட்டுத்தாவணிக்கு ஏற்றியாக வேண்டும். கூலி கிலோ கணக்கு. வெயில் காலத்தில் செடி கொட்டும், மார்கழியில் ஒரு கிலோ எடுக்கவே விடிந்துவிடும். பூ இருந்தால் வேலை, இல்லாவிட்டால் இல்லை. இவரிடம் போய், ஆயிரம் ரூபாய் வந்ததால் நேரத்தைக் குறைத்தீர்களா என்று கேட்டால் சிரிப்பார். கூடுதல் நேரம் வேண்டும் என்று கேட்டாலும் அவருக்குக் கொடுக்கச் செடியிடம் இல்லை.

அடுத்து வரும் சட்டமும் ஒரு கால்வாயும்

2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய புதிய ஊரக வேலைச் சட்டம், நூறு நாளை 125 ஆக்கியது. கூடவே, விதைப்பும் அறுவடையும் உச்சத்தில் இருக்கும் காலத்தில் ஆண்டுக்கு மொத்தம் 60 நாள் திட்ட வேலை நடக்காது என்று ஒரு விதியும் சேர்ந்தது. எந்த 60 நாள் என்பதை மாநில அரசு முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். மேலூர் டீக்கடைப் புகார் சட்டத்துக்குள் நுழைந்துவிட்டது என்று சொல்லலாம்.

மதுரையில் இந்த அறுபது நாளை எப்போது வைப்பார்கள்? பெரியாறு பிரதானக் கால்வாயில் பேரணை முதல் கள்ளந்திரி வரை இருபோகம். அணைகளில் தண்ணீர் இருந்தால் வழக்கமாக ஜூனில் திறப்பார்கள். கள்ளந்திரிக்குக் கீழே மேலூர் ஒருபோகம், தண்ணீர் வழக்கமாக செப்டம்பரை ஒட்டித்தான் வரும். மேற்கே உசிலம்பட்டி, பேரையூரில் மானாவாரி, மழை விழுகிற தேதியில்தான் விதைப்பு. ஒரே மாவட்டத்தில் மூன்று நாட்காட்டி. வாடிப்பட்டி நடவுக்காக மாவட்டம் முழுக்க ஜூனில் வேலையை நிறுத்தினால், அப்போது காய்ந்து கிடக்கும் மேலூரில் வயலும் இருக்காது, கண்மாய் வேலையும் இருக்காது.